காம்பை விட்டுப் பறந்த கோடாரி

மத்தியான வெயிலில் அரண்மனையே பாதிக் கனவில் கிடந்தது. விருந்துக்கு வரப்போகும் கலெக்டர் துரையிடம் எடுத்துவிடுவதற்காக, ஜமீன்தார் இங்கிலீஷ் மரபுத்தொடர்களை நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தார். கூரையில் தொங்கிய துணி விசிறியான பங்காவை, கால் கட்டைவிரலில் கட்டிய கயிற்றால் அசைத்துக்கொண்டிருந்தான் சீனிமுத்து.

“தன்னை மறந்து கத்துகிறவனைக் காம்பை விட்டுப் பறந்த கோடாரி என்கிறானாம் வெள்ளைக்காரன். எனக்குத்தான் கோபமே வராதே, எப்படி விளங்கும்? டேய் சீனிமுத்து, அப்படி ஒருத்தனை இப்பவே கண்ணில் காட்டு. இல்லையென்றால் நாளையிலிருந்து வேலைக்கு வராதே!”

“ஆகட்டும் எசமான்” என்று சீனிமுத்து கண்ணை மூடிக்கொண்டான். கால் நின்றது. பங்காவும் நின்றது.

ஜமீன்தார் கூப்பிட்டார். சீனிமுத்து மூடிய கண்ணைத் திறக்கவில்லை. அவர் மூக்கு நுனியில் வேர்வை சொட்டியது. புத்தகம் பறந்தது, செம்பு உருண்டது. “கழுதை! இழுடா!” என்று குதித்தவர், சரிகைத் தலைப்பாகையைக் கழற்றி வீசினார். அது பங்காச் சட்டத்தில் போய் மாட்டிக்கொண்டது.

சீனிமுத்து மெல்லக் கண் திறந்தான். “எசமான் கேட்ட ஆளைக் காட்டிட்டேனுங்க.”

கால் மறுபடி அசைந்தது. குளுகுளுவென்று காற்று வந்தது. மேலே தலைப்பாகை மேகம்போல மிதந்து மிதந்து ஆடியது. வாசலில் துரையின் குதிரை வண்டி வந்து நின்றது. தலைப்பாகையை எடுக்கப் பங்காவை நிறுத்து என்று சொல்லத்தான், அந்தச் சுகமான காற்றில் ஜமீன்தாருக்கு வாய் வரவில்லை.