முதலாளி ஏறிய சிம்மாசனம்

சங்ககிரி லாரி முதலாளி அர்த்தநாரியிடம் புது சீட் கேட்டுக் கேட்டு டிரைவர் மாரப்பனுக்கு வாய்தான் வலித்தது. பழைய சீட்டில் பஞ்சு போய், கம்பிச் சுருள் குத்தியது. டெல்லி போய் வந்தால் நாலு நாளைக்கு இடுப்பு நிமிராது.

"அதுக்கென்னப்பா, சிம்மாசனமாட்டம் இருக்குது!" என்பார் முதலாளி.

ஆயுத பூஜையன்று மாரப்பன் அந்தச் சீட்டைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, ஷெட் நடுவே போட்டான். விருந்தாளிகள் பார்க்க, "உங்க சிம்மாசனமுங்க. நீங்க உக்காந்தாத்தான் பூஜை" என்று கும்பிட்டான்.

மறுக்க வழியில்லாமல் முதலாளி உட்கார்ந்தார். தேங்காய் உடைபடும் முன்பே, "ஐயோ!" என்று துள்ளி எழுந்தார்.

மாரப்பன் பணிவாகச் சொன்னான்: "உக்காருங்க முதலாளி. இன்னும் சேலமே வரலையே, டெல்லி எப்பப் போறது?"