வடக்கு முகத்தின் படம்

பேருந்துகளுக்கென்று கட்டப்படும் மேம்பாலத்தின் பதினேழாம் தூணடியில் மூன்று கலவை லாரிகள் நின்றன. உருளைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. பத்து மணிக்குள் கொட்டாவிட்டால் உள்ளே இருப்பது இறுகத் தொடங்கிவிடும்.

உதவிப் பொறியாளர் தேவசகாயம் டேப்லெட்டோடு நின்றார். வயது ஐம்பத்திரண்டு. துறை காகிதத்தை விட்டு நான்கு மாதம் ஆகிறது. டேப்லெட்டைக் கற்றுக்கொடுக்க வந்த தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுப் பொறியாளர் பரிதாவுக்கு இருபத்தொன்பது வயது. "என் குரு" என்று சைட் முழுக்க அவளை அறிமுகம் செய்துவைத்தவர் தேவசகாயம்தான். பாதி கிண்டல், பாதி மரியாதை.

தூணின் தலைக்குக் கம்பி கட்டியாகிவிட்டது. மேலே ஏறி நான்கு முகத்தையும் பார்த்து, படம் எடுத்து ஏற்றினால்தான் கான்கிரீட்டுக்கு அனுமதி. மூன்று படம் ஏறியிருந்தது. வடக்கு முகத்தின் கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது.

நேற்று மாலை அந்தப் பக்கத்து ஏணியைக் கழற்றியிருந்தார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த தேவசகாயம், மேலதிகாரியிடம் ஃபோனில் எல்லாம் பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டார். அதை நம்பித்தான் லாரிகள் வந்தன.

இப்போது ஏணி இருக்கிறது. ஆனால் ஏறினால், நேற்று ஏறவில்லை என்பது கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். லாரிகள் திரும்பினால் மெமோ. பதவி உயர்வுப் பட்டியலோ இந்த மாதம் வருகிறது.

இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. நடைமுறை என்பார்கள். முதலில் கொட்டுவது, பிறகு கையெழுத்து, அதற்கும் பிறகு தோதான ஒரு தேதி. காகிதம் எதற்கும் மறுப்புச் சொல்லாது.

பரிதா வந்ததும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் படம் இல்லாமலே திறந்துவிடச் சொல்லிக் கேட்டார் தேவசகாயம். அவள் நினைத்தால் முடியும்.

"இருபத்தெட்டு வருஷம் மேடம். நான் காகிதத்துல கையெழுத்துப் போட்ட ஒரு பாலமும் விழலை. என் கண்ணுக்குத் தெரியாதது இந்தக் கருவிக்கு அப்படி என்ன தெரியும்?"

ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி சிரித்தார். "சிஷ்யர் கேக்குறாருல்ல. குரு பதில் சொல்லுங்க."

பரிதா டேப்லெட்டை வாங்கி அணைத்தாள். நெட்வொர்க் கிடைக்காத நாளுக்கென்று பையில் வைத்திருந்த பழைய படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"இதுல எழுதுங்க சார். இதுவும் செல்லும்."

தேவசகாயத்தின் முகம் தெளிந்தது. ஜீப்பின் மீது படிவத்தை விரித்து மளமளவென்று எழுதினார். வடக்கு முகம்: சரி. பார்வையிட்ட நேரம்: 9.30. பழக்கப்பட்ட கை எப்போதும் முழு மணியோ அரை மணியோதான் எழுதும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பரிதா அதை நிதானமாகப் படித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒன்பதரைக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு சார்."

மேஸ்திரியின் சிரிப்பு நின்றது. தேவசகாயம் யாரையும் பார்க்காமல் ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

மற்ற முகங்களையும் மறுபடி பார்த்துக்கொண்டே போய், அவர் வடக்கு முகத்தின் எதிரே நின்றபோது மணி ஒன்பதரை. ஐந்து கம்பிகள் அச்சுப் பலகையோடு ஒட்டிக் கிடந்தன. இடைவெளிக்காக வைக்கும் சிமென்ட் கட்டைகள் ஒன்றுகூட இல்லை. அப்படியே கொட்டினால் சில மழைக்காலங்களிலேயே ஈரம் கம்பிக்குப் போய்ச் சேர்ந்து துருப்பிடித்துவிடும்.

இறங்கி வந்தவர் லாரிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் கட்டைகளை வைத்துவிடலாம் என்றார் மேஸ்திரி. அதுவரை கலவை தாங்காது என்று அவருக்கே தெரியும்.

தேவசகாயம் பரிதாவிடம் கை நீட்டினார். "அந்தப் பேப்பரைக் கொடுங்க மேடம். கிழிச்சிடறேன்."

பரிதா படிவத்தோடு பேனாவையும் சேர்த்து நீட்டினாள்.

"நேரம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க சார். மத்ததை மாத்துங்க."