சாயத்தாழிக்குள் கரைந்த குப்பாச்சி

முன்னொரு காலத்தில், ஏழாற்றூர் நாட்டில், முதல் தப்பைச் செய்தவன் அரண்மனைச் சாயக்காரன் வேலாண்டி. இதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இன்னொரு சாயக்காரனான சடையன் போடும் நீலச்சாயம் தன் கைக்கு வரவில்லையே என்று அவனுக்கு வயிற்றெரிச்சல். மந்திரவாதி ஒருவனைப் பிடித்து, சடையன் மனைவி குப்பாச்சியை நீலச்சாயக் கட்டியாக மாற்றிவிட்டான். மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் கரைந்து எழாவிட்டால், அவள் என்றைக்கும் கட்டிதான்.

சடையன் கட்டியைத் தண்ணீரில் போட்டான். கரையவில்லை. மடியில் வைத்து அழுதான். கரையவில்லை. கடைசியில் அவளுடைய வெள்ளைப் புடவையில் கட்டியைச் சுற்றிச் சாயத்தாழிக்குள் இறக்கினான்.

தாழிக்குள்ளிருந்து குரல்கள் கேட்டன.

"அண்ணே, பசிக்குது! தகரைச் செடி விதையை வேகவச்சு ஊத்துங்க."

"யாரப்பா நீங்க?"

"உங்க தாழியிலேயே குடியிருக்கோம். கண்ணுக்குத் தெரியாத சின்னவங்க. நாங்க தின்னா, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தீப்பொறி மிஞ்சும். அதை யார்கிட்டயாவது கொடுத்தாத்தான் எங்களுக்குத் தெம்பு. அண்ணிகிட்ட கொடுக்கிறோம். பொறியை வாங்க வாங்க அவங்க கரைவாங்க."

சடையன் ஊற்றினான். மனசு கேட்காமல் துடுப்பால் கலக்கினான்.

"ஐயோ, காத்து உள்ளே வந்துட்டான்! யார் பலமா இழுக்கிறாங்களோ அவங்ககிட்டதானே பொறி போகும்? எல்லாத்தையும் பறிச்சுட்டான்!"

இரண்டாம் நாள் ஊற்றினான். கலக்கவில்லை. ஆனால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தான்.

"பொண்டாட்டி முகத்தைப் பார்க்க இவ்வளவு அவசரமா அண்ணே? காத்து வாசல்லயே நிக்கிறான்!"

மூன்றாம் நாள் ஊற்றினான். மூடினான். மூடியின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். கைதான் சும்மா இருக்க வேண்டும், வாய் இருக்கிறதே.

"குப்பாச்சி, உன் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கு. நான் புளிக்குழம்பு வச்சேன், வாயில வைக்க முடியலை. வந்து திட்டேன்."

உள்ளே சின்னவர்கள் பாடினார்கள்: "தின்னோம், மிஞ்சுச்சு, கொடுத்தோம்! தின்னோம், மிஞ்சுச்சு, கொடுத்தோம்!"

சூரியன் மலையைத் தொட்டது. "இப்போ தூக்குங்க அண்ணே!"

திறந்தான். தாழியில் நீலமே இல்லை. இளம்பச்சைத் தண்ணீரிலிருந்து, புடவை சுற்றிய குப்பாச்சி தளிர் நிறத்தில் எழுந்தாள். காற்று ஓடி வந்தது. அவள் வாங்கியிருந்த பொறிகளையெல்லாம் அது வாங்கிக்கொள்ள, வெள்ளைப் புடவையில் நீலம் மளமளவென்று ஏறியது. அவள் முகத்துக்குப் பழைய மாநிறம் திரும்பியது.

"குழம்புக்கு உப்புப் போட்டீங்களா?" என்றாள்.

அந்தப் புடவையைப் பார்த்த ராஜா அரண்மனைச் சாயவேலையைச் சடையனுக்கே கொடுத்தார். சின்னவர்களுக்கு நாள் தவறாமல் தகரைக் கஞ்சி.

ஒரு நாள் வேலாண்டி வந்தான். தொண்டையைச் செருமினான். மழையைப் பற்றிப் பேசினான். குப்பாச்சி கொடுத்த மோரைக் குடித்தான், போய்விட்டான். தப்புதான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வார்த்தை இன்றுவரை வந்து சேரவில்லை. சடையனும் அதைக் கேட்காமல் விடுவதாக இல்லை.