குகை வாசலில் செண்பகவல்லி

"நடுக்கடல்ல என் மகளுக்கு யாரு துணை?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அந்த மலையடி ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தில் அவள்தான் ஸ்டேஷன் மாஸ்டர். அந்த வழியில் ரயில் ஓடுவது நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். செம்மண் கொட்டிச் சைக்கிள் பாதை ஆக்கினார்கள். உலகம்மை மட்டும் மாற்றலாகிப் போகவில்லை. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டாள். மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

செண்பகவல்லி அவளைவிட மூத்தவள். ஆனாலும் அவளை அம்மா என்றுதான் அழைப்பாள். உலகம்மை இவளை அக்கா என்பாள். இருவரும் அதைத் திருத்திக்கொண்டதில்லை.

"ஆவுடைக்குக் கப்பல்ல இன்ஜினியர் வேலை. கிளம்பினா மாசக்கணக்கா தண்ணிதான். போன்கூடக் கிடைக்காதாம். நான் வாய் திறந்து சொன்னாத்தான் போவாளாம். இல்லேன்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்திருவாளாம்."

"சொல்லிட்டீங்களா?"

"வாய் வரல்லியே அம்மா. அவ அப்பா ரயில்ல போகையிலே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு செத்தாரு. ஒரு வாய் தண்ணி கேக்கப் பக்கத்துல ஆளில்ல. அன்னையிலேருந்து, ஆருமில்லாத இடம்னு கேட்டாலே எனக்குப் பயமா இருக்கு."

"பிள்ளை இப்போ எங்கே?"

"வேம்படியில, சிநேகிதி வீட்டுல. தூத்துக்குடி பஸ்ஸு அங்கேருந்துதான். இன்னைக்குச் சாயங்காலம்."

வேம்படி, அந்தப் பாதையின் மறுமுனை. மலைக்கு அந்தப் பக்கம்.

"நேர்ல போய்ச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

உலகம்மை கீரையைத் தள்ளி வைத்தாள். உள்ளே போய் ஒரு சைக்கிளை உருட்டி வந்தாள்.

"பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதிச்ச டீச்சர்தானே நீங்க."

"ரோட்டு வழியா பஸ் இருக்கே."

"இருக்கு," என்றாள் உலகம்மை. சைக்கிளைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

பிறகு ஆணியில் தொங்கிய பிரம்பு வளையத்தை எடுத்து செண்பகவல்லியின் தோளில் மாட்டினாள். வளையத்தின் அடியில் ஒரு தோல் பை. பைக்குள் இரும்புக் குண்டு. ரயில் ஓடிய நாளில், ஒற்றைத் தண்டவாளத்தில் போக அனுமதியாக டிரைவர் கையில் கொடுத்த அதே டோக்கன்.

"நடுவுல மலையைக் குடைஞ்ச ரயில் குகை. குறுகல். உள்ளே இருட்டு. எதிரெதிரே வந்தா மோதிக்கணும். அதனால இப்பவும் பழைய சட்டம்தான். பாதைக்கு ஒரே வளையம். அது யார் தோள்ல இருக்கோ, அவங்க மட்டும்தான் பாதையில."

ஸ்டேஷன் வாசலில் ஒரு புருஷனும் பெண்சாதியும் சைக்கிளோடு நின்றிருந்தார்கள்.

"இவங்களோட சேர்ந்து போயிடறேனே," என்றாள் செண்பகவல்லி.

"கூட்டமா இழுக்க இது என்ன தேரா? போங்க அக்கா."

ஐப்பசி. விடிகாலை மழை விட்டிருந்தது. பாதையின் இரு கரையிலும் காந்தள் பூத்துக் கிடந்தது, யாரோ கொளுத்திவிட்டு மறந்துபோன மாதிரி. மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. அழகுதான். அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் பாதை மட்டும் இருந்தது.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. செயின் அறுந்தால்? பாம்பு கிடந்தால்? நெஞ்சு வலித்தால்? கேள்விகள் அவளுக்கு முன்னே முன்னே ஓடின. எல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் போய் நின்றன. யாரைக் கூப்பிடுவது?

குகை வந்தது.

கறுத்த வாய். உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். மறுபக்கத்து வெளிச்சம் தெரியவில்லை; உள்ளே எங்கோ வளைவு போல.

அவள் இறங்கிவிட்டாள்.

'அந்தப் புருஷனும் பெண்சாதியும் வருவார்கள். கூடவே போய்விடலாம்.'

கல்லில் உட்கார்ந்தாள். ஒரு சாரல் வந்து போயிற்று. மரநிழல் அவள் காலை விட்டு நகர்ந்தது. யாரும் வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்தாவது யாராவது வரக்கூடாதா? யாரும் வரவில்லை. உலகத்தில் ஆளே இல்லையா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

தோள் வலித்தது. வளையத்தை மறு தோளுக்கு மாற்றத் தூக்கினாள்.

கை அந்தரத்தில் நின்றது.

இது இங்கே இருக்கும்போது யார் வருவார்கள்?

பின்னால் ஸ்டேஷனில் இரண்டு பேர் நிற்கிறார்கள். வேம்படியில் எத்தனை பேரோ. சாயங்கால பஸ் யாருக்காகவும் நிற்காது.

சைக்கிளில் ஏறினாள். குகைக்குள் நுழைந்ததும் மணியை அடித்தாள். அடித்துக்கொண்டே போனாள். கண்ணுக்கு எட்டிய இருட்டெல்லாம் மணிச் சத்தம். நடுவில், யாருக்கு அடிக்கிறோம் என்று தோன்றியது. விரலை எடுத்துவிட்டாள்.

அதன் பிறகு சக்கரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அவளுடைய மூச்சும்.

வேம்படியில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் சைக்கிளோடு நின்றிருந்தார்கள்.

"இப்பமாவது வந்தீங்களே. நாங்க இங்கேயே சோறு பொங்கலாம்னு இருந்தோம்," என்றார் ஒருவர்.

அவர்களை விலக்கிக்கொண்டு ஆவுடை ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"நீ வாரேன்னு உலகம்மை அத்தை போன் பண்ணினா. எவ்வளவு நேரம்மா? உள்ளே போய்ப் பாக்கேன்னு இவர்கிட்ட எப்படிக் கெஞ்சினேன் தெரியுமா? விடவே மாட்டேன்னுட்டாரு."

கம்பியருகே காவல் இருந்த மாசானம் கையை விரித்தார். "வளையம் அவங்க தோள்ல இருக்கு. நான் எப்படி விட?"

"துணைக்கு யாராவது வருவாங்கன்னு குகை வாசல்ல உக்காந்திருந்தேன்," என்றாள் செண்பகவல்லி.

மாசானம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வளையத்த வச்சிக்கிட்டா?"

அவள் அதைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் வரிசையில் முதலில் நின்றவரின் தோளில் மாட்டினார். அந்த மனிதர் மிதித்துக்கொண்டு போனார். திருப்பத்தில் மறைந்தார்.

ரோட்டிலிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"அம்மா." ஆவுடையின் குரல் இறங்கியிருந்தது. "உன் வாயால சொல்லு. எதுவானாலும் சரி."

மகளின் பை தரையில் கிடந்தது. செண்பகவல்லி குனிந்து எடுத்தாள். நல்ல கனம். அதை மகளின் தோளில் மாட்டி, வாரைச் சரிசெய்தாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வாரியாம்மா?"

"இல்ல," என்றாள். "நீ போயிட்டு வா."