பெருமாயிக்கு வரவேண்டிய முக்கால் பங்கு புகை

வாகைக்குட்டம் பெருமாயியிடமிருந்து முக்கால் பங்கு புகையை அமுக்கிக்கொண்டு போன ஆசாமி யாரோ, அவர் இதுவரை இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கண்ணாடி போட்டிருந்தார், கழுத்தில் அட்டை தொங்கியது, பேசி முடித்ததும் காரில் ஏறிப் போய்விட்டார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. செய்யப்போவது இந்தக் காரியம் என்றால் யார்தான் பெயரைச் சொல்லுவார்?

பெருமாயி தக்காளிக் கூடையைத் தலையில் சுமந்து விற்று, வாயாலேயே மேலே வந்தவள். அவளிடம் பேரம் பேசியவர்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான் தாங்கள் தோற்ற விஷயத்தையே உணர்வார்கள். இன்று அவளுக்குச் சொந்தமாக மூன்று குட்டி லாரிகள். ஓட்டுவதற்குக் கொழுந்தன்மார் ஒச்சப்பனும் வீரணனும், கூடப் பிறந்த தம்பி சின்னக்காமுவும்.

மூவரும் சொன்ன வேலையைச் செய்வார்கள். சொன்னதற்கு ஒரு நூல் கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள். மழை வந்தால் வண்டியைத் தார்ப்பாயால் மூடச் சொல்லியிருந்தாள் பெருமாயி. மழை வந்தது. முன்கண்ணாடியையும் சேர்த்து மூடிவிட்டுத்தான் ஓட்டினார்கள். வண்டி ஒரு வாழைத்தோப்புக்குள் போய் நின்றது. பெருமாயி அவர்களைத் திட்டவில்லை. தோப்புக்காரனைத்தான் திட்டினாள், ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வாழை வைப்பானா என்று.

அவள் தக்காளி போடுவது மதுரையில் உள்ள நிறைமரக்கால் என்ற பெரிய மளிகைக் கடைக்கு. ஒருநாள் அந்தக் கடை, சரக்குப் போடுகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காபி கொடுத்து உட்காரவைத்தது. மேலிடத்திலிருந்து வந்த கண்ணாடிக்காரர் எழுந்து பேசினார்.

"உங்க தோட்டத்துலேர்ந்து எங்க கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எவ்வளவு கரிப்புகை வானத்துல ஏறுது தெரியுமா? அதைக் குறைக்க நாங்க உதவி பண்றோம். புகையை அளக்குற கருவியை உங்க வண்டியில நாங்களே மாட்டித் தர்றோம். இந்த அறுவடை முடியறதுக்குள்ள பாதியாக் குறைச்சவங்க சரக்குதான் அடுத்த வருஷம் இந்தக் கடையில இருக்கும்."

பாதி என்றதும் பெருமாயிக்கு நரம்பு முறுக்கிக்கொண்டது.

"பாதியா? என்னய்யா அநியாயம்! அரைக்கால் தர்றேன், எடுத்துக்க."

"அம்மா, இது பேரம் பேசுற விஷயம் இல்ல."

"பேரம் பேசாத விஷயம்னு உலகத்துல ஒண்ணு இருக்கா? சரி, உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். கால் பங்கு. அதுக்கு மேல ஒரு பொட்டுப் புகை குறைக்க மாட்டேன்."

கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த ஊரில் கூட்டம். "சரிம்மா. கால் பங்கு."

"பேச்சு மாறக் கூடாது."

"மாறாது."

போகும்போது அவர் மூன்று யோசனைகள் சொல்லிவிட்டுப் போனார். வண்டி நின்றால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூன்று வண்டியும் தனித்தனியே புகை விட்டுக்கொண்டு வராமல் ஒரே வண்டியாக வரப் பாருங்கள். போகும்போதும் சரி, வரும்போதும் சரி, வண்டி காலியாக ஓடக் கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் பெருமாயி எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னாள்: "பாதின்னு வந்தான். காலுக்கு முடிச்சேன்." கொழுந்தன்மாருக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வண்டியை ஒரே வண்டியாக்குவது எப்படி என்று ஆலோசனை நடந்தது.

"வெட்டி ஒட்டணும் மதினி" என்றான் வீரணன்.

"கிறுக்கா, கட்டினாப் போதும்" என்றான் ஒச்சப்பன். "கயிறு எதுக்கு இருக்கு?"

மறுநாள் காலை, சின்னக்காமுவின் வண்டி பெருமாயியை ஏற்றிக்கொண்டு முன்னே போக, மற்ற இரண்டும் தக்காளியோடு பின்னால் கயிற்றில் வந்தன. முன்வண்டி முக்கியது, முனகியது. அது விட்ட கரும்புகையில் பின்னால் வந்த பஸ்ஸே காணாமல் போனது.

"அக்கா, புகை ஜாஸ்தியா வருதே."

"எத்தனை வண்டிலேர்ந்து வருது?"

"ஒரு வண்டிலேர்ந்துதான்."

"அப்ப வாயை மூடிட்டு ஓட்டு."

மதுரை எல்லையில் சிக்னல் சிவந்தது. வண்டி நின்றது, சின்னக்காமு இன்ஜினை அணைத்தான். பச்சை விழுந்தது. பழைய பேட்டரி, வண்டி கிளம்பவில்லை. ஒச்சப்பனும் வீரணனும் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றபோது மறுபடி சிவப்பு. நின்றாயிற்று, அணைத்தாயிற்று. இப்படியே வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் போக்குவரத்துக் காவலரே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தள்ளினார். சிவப்பு விழுந்தபோதும் கைகாட்டிப் போகச் சொன்னார்.

கடை வாசலில் மேனேஜர் ஞானராஜ் தவித்துக்கொண்டிருந்தார். "என்னக்கா இவ்வளவு நேரம்? சீக்கிரம் இறக்குங்க."

முதல் பெட்டியைத் தூக்கிய வீரணன் அப்படியே நின்றான். "மதினி, இதையெல்லாம் இறக்கிட்டா வண்டி காலியாயிருமே."

எல்லோரும் திடுக்கிட்டார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் கண்ணில் படாத ஆபத்து அது.

ஞானராஜ் சிரித்தார். "அதுக்குத்தான் வழி இருக்கே. திரும்பும்போது எங்க காலிப் பெட்டியை ஏத்திட்டுப் போங்க."

ஒச்சப்பன் முகம் இருண்டது. "என்ன பெட்டி?"

"காலிப் பெட்டி."

"காலியை ஏத்தினா வண்டி காலிதானே?"

"பெட்டி இருக்கேப்பா!"

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"வண்டி முழுக்க ஒண்ணும் இல்லாததை ஏத்திட்டுப் போகச் சொல்றார் மதினி" என்றான் ஒச்சப்பன். "எங்களைப் பாத்தா முட்டாளாத் தெரியுதா சார்?"

பெருமாயி முடிவு சொன்னாள். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். வரும்போதும் தக்காளி, போகும்போதும் தக்காளி.

"அப்ப என் கடையில நான் எதை அடுக்குறது?" என்று கத்தினார் ஞானராஜ்.

"அது உன் பாடு தம்பி. புகைக்குத்தான் நான் பொறுப்பு."

தக்காளி ஊருக்குத் திரும்பியது. மறுநாள் அதே தக்காளி அதே சிக்னலில் நின்று அதே காவலரைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தது. அன்றும் இறங்கவில்லை. ஞானராஜ் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அக்கா, நாளைக்கும் சரக்கு இறங்கலேன்னா மேலிடத்துல உங்க பேரை அடிச்சுருவாங்க. சொன்னவர் மனசுல நினைச்சது வேற."

"சொன்னவன் வந்து சொல்லட்டும், 'இறக்கு'ன்னு. நீ அன்னைக்குப் பேச்சுல இல்ல."

ஆனாலும் அன்று வீட்டில் பெருமாயிக்குச் சோறு இறங்கவில்லை. இறக்கினால் வண்டி காலி, வாக்குப் போச்சு, கடை போச்சு. இறக்காவிட்டாலும் கடை போச்சு. தலைச்சுமையிலிருந்து தட்டுத்தடுமாறி இந்த இடத்துக்கு வந்தவள். திரும்பவும் கூடையைத் தூக்க வேண்டியதுதானா?

மூன்றாவது பயணத்தில் தக்காளியே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பழுத்து, கனிந்து, குழம்பாகி, வழியெல்லாம் ஒழுகியது. பின்னால் இரண்டு மாடுகள் தார்ரோட்டை நக்கிக்கொண்டே நடந்து வந்தன. கடை வாசலில் ஞானராஜ் ஆவலோடு வந்து பார்த்தால் வெறும் பெட்டிகள்தான் இருந்தன.

"வரும்போதே காலியாவா வந்துட்டோம்?" என்று மாரில் அடித்துக்கொண்டாள் பெருமாயி. "போகும்போதாவது பேச்சைக் காப்பாத்துவோம். ஏறுங்கடா!"

ஒச்சப்பன் ஒரு வண்டியில் பெட்டிக்குள் ஏறிக் குத்தவைத்தான். அடுத்ததில் வீரணன். முன்வண்டியின் பெட்டிக்குள் சின்னக்காமு. மூன்று வண்டியும் இப்போது காலி இல்லை. பெருமாயி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"சரி, கிளம்பு."

யாரும் கிளம்பவில்லை.

"சின்னக்காமு, வண்டியை எடுடா."

"எப்படிக்கா? நான் எறங்கினா வண்டி காலி."

நியாயமான பேச்சு. நின்ற வண்டியில் இன்ஜின் ஓடக் கூடாது, ஆகவே அதுவும் அணைந்தே இருந்தது. அறுவடை முடிகிற வரை மூன்று வண்டியும் கடை வாசலிலேயே நின்றன. ஊரிலிருந்து பஸ்ஸில் தூக்குவாளியில் சோறு வந்தது. பெட்டிக்குள் சிந்திக் கிடந்த விதை முளைத்து, வீரணன் மடியில் இரண்டு இலை விட்டது.

ஒருநாள் ஞானராஜ் பொன்னாடையோடு ஓடி வந்தார். "வாழ்த்துக்கள்க்கா! மேலிடத்துல இந்த மாசக் கருவிக் கணக்கைப் பாத்தாங்களாம். உங்க வண்டிப் புகையை முழுசாக் குறைச்சுட்டீங்களாம். தமிழ்நாட்டுலயே யாரும் இப்படிக் குறைக்கலையாம். அடுத்த வருஷமும் நம்ம கடைக்குத் தக்காளி நீங்கதான்!"

பெருமாயி பொன்னாடையை வாங்கவில்லை. "முழுசாவா?"

"ஒரு பொட்டுக்கூட இல்லக்கா."

"நான் கால்தானே பேசினேன்!"

ஞானராஜ் பொன்னாடையை மடிக்க ஆரம்பித்தார்.

"காலுக்குப் பேசிட்டு முழுசையும் உருவிக்கிட்டானா அந்தக் கண்ணாடி? மிச்சம் முக்கால் எங்கய்யா?"

"அது... காத்துல..."

"காத்துல விடக் கூடாதுன்னுதானே காபி கொடுத்துக் கூப்பிட்டீங்க? இப்ப காத்துலங்கறே!"

பெட்டிக்குள்ளிருந்து ஒச்சப்பன் கை தூக்கினான். "மதினி, அந்த முக்காலை வாங்கி வண்டியில ஏத்திட்டா வண்டி காலி இல்ல. நாங்க எறங்கிக்கலாம்."

"மூணு வண்டி, முக்கால் பங்கு" என்றான் வீரணன், நாற்றைக் கலைக்காமல். "வண்டிக்குக் கால். கணக்குச் சரியா வருது."

ஆகையால் கண்ணாடிக்கார ஐயா, எங்கே இருந்தாலும் கிளம்பி வந்து, பெருமாயிக்குச் சேரவேண்டிய முக்கால் பங்கு புகையை ஒழுங்காக நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். கடை வாசலில் அவள் தராசோடு நிற்கிறாள், சின்னக்காமுவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கொண்டுவருவது நல்ல காய்ந்த புகையாக இருக்கட்டும். எடை கூட்டத் தண்ணீர் தெளிக்கிற வேலை மட்டும் வேண்டாம். அந்த வித்தையைச் சந்தையில் ஆரம்பித்து வைத்ததே பெருமாயிதான்.