குறை வரிசை

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டால் எனக்கு மறந்துபோகும், ஓர் அரசன் பெரிய போரில் வென்றான். வென்றான் என்றால், உயிரோடு திரும்பியவர்களில் அவனும் ஒருவன். மாண்ட வீரர் ஒவ்வொருவருக்கும் முகம் செதுக்கி ஒரு நடுகல் வைக்கச் சொன்னான். கற்களின் எண்ணிக்கையைக் கணக்கர் சொல்லத் தொடங்கினால், கேட்பவர் வெற்றிலை மடித்து, மென்று, துப்பியும் முடித்துவிடுவார். அவ்வளவு பெரிய எண்.

அந்நாட்டுப் படையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா வரிசையிலும் சமமாக ஆள் நிற்க வேண்டும். கடைசி வரிசையில் ஆள் குறைந்தால் அது குறை வரிசை. அதைப் பார்த்த அரசன் அந்த ஆண்டைத் தாண்டமாட்டான் என்பார்கள். கல்லானாலும் படைதானே. போர்க்களத்து மேட்டில் வரிசையாக நட்டார்கள். கடைசி வரிசை குறைந்தது. பிடுங்கி வேறு விதமாக நட்டார்கள். அப்போதும் குறைந்தது. தெரிந்த எண்களால் எல்லாம் வகுத்துப் பார்த்த கணக்கர்கள், வீட்டில் தோசையைப் பிய்க்கவே பயந்தார்கள்.

நட்டநடுப் பகலில் அரசன் மேட்டுக்குப் போனான். காற்று இல்லை, காக்கை இல்லை. குறை வரிசைக் கற்கள் மட்டும் வெயிலிலும் ஈரமாக இருந்தன. அவன் நடந்தபோது பின்னால் நிறையப் பேர் நடந்தார்கள். அவன் நின்றபோது நின்றார்கள். திரும்பினால் கற்கள்தான்.

படைத்தலைவர் தளவாய் செம்பியராயருக்கு அடுத்த போருக்கு அவசரம். அதைச் சபையில் கேலி செய்துவந்த விகடகவி காத்தையனைக் கண்டாலே ஆகாது.

"அரசே, மாண்டவர்கள் இன்னும் ஓர் ஆளைக் கேட்கிறார்கள். ஒரு கல் கூடினால் சரியாக இரண்டு வரிசை ஆகிவிடும். அந்த ஆள் காத்தையனாக இருக்கட்டும்" என்றார். கல்லைக்கூட முன்னதாகவே செதுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

காத்தையன் கல்லைச் சுற்றிவந்து பார்த்தான்.

"காது கொஞ்சம் பெரிது, தளவாய் அவர்களே. மற்றபடி நான்தான்."

ஆள் சேர்க்காமலே குறையின்றி நிறுத்திக் காட்டுவதாகவும், முடியாவிட்டால் கல்லுக்கு அடியில் தானே போய்ப் படுத்துக்கொள்வதாகவும் சொன்னான். பௌர்ணமிவரை அரசன் தவணை கொடுத்தான்.

பௌர்ணமியன்று காலையில் ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. மேட்டிலிருந்து வயல் வழியாக, கடைத்தெரு வழியாக, கோட்டை வாசல் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கள் வந்து நின்றிருந்தன. எல்லா முகமும் அரண்மனையைப் பார்த்து. கடைசிக் கல் சபைக்குள்ளேயே இருந்தது.

"ஒரே வரிசை, அரசே" என்றான் காத்தையன். "குறைவதற்கு இன்னொரு வரிசை இல்லை. இது பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. எல்லாரும் ஒரே வரிசையாக நிற்பார்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு வரிசையாகத் தனித்தனியே நிற்பார்கள்."

"சபைக்குள் எதற்கு வந்தார்கள்?" அரசனின் குரல் தாழ்ந்திருந்தது.

"மேட்டில் இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை. அடுத்த போரில் விழுகிறவர்களும் இதே வரிசையில்தான் சேர வேண்டும். புதிதாக வரும் முதல் கல்லுக்குத் தளவாய் நிற்கும் இடம் இருக்கிறது. அதற்கடுத்த கல்லுக்கு..."

காத்தையன் சிம்மாசனத்தைப் பார்த்தான்.

தளவாய் தாம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்துகொண்டார். அதைப் பார்த்த அரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசன் சிரித்ததால் சபையும் சிரித்தது. சபை அடங்கிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. வாசலைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, கல் கல்லாக மேடுவரைக்கும் போய்க்கொண்டிருந்தது.

அரசன் அதோடு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். போரையும்.

காத்தையனுக்குப் பொன்னும் பட்டும் கொடுத்தான். காத்தையன் தன் கல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் மனைவி அதைக் கிணற்றடியில் போட்டுத் துணி துவைத்தாள். நாளடைவில் முகம் தேய்ந்துவிட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணிக்கை காதில் விழுந்தால் அதுவும் வரிசையில் சேரக் கிளம்பிவிடுமோ என்று, அதன் பக்கத்தில் நின்று அங்கே யாரும் எண்ணுவதில்லை.