ஊதாத விசில்

பிலோமினாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் நடுவர் வேலை கற்க வந்த இசக்கிராஜாவுக்கு நாற்பத்து நான்கு. சீடன் குருவைவிட மூத்தவன் என்பதில் கூடைப்பந்து வட்டாரத்துக்குக் கொஞ்சம் சிரிப்பு உண்டு. அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

இசக்கி பதினான்கு வருடம் சம்பளத்துக்கு ஆடியவன். முழங்கால் போய்விட்டது. ஆட்டத்தை விட மனசில்லாமல் விசிலை எடுத்தான். ஆடிய காலத்தில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் பையை வாங்கிக்கொள்ள நாலு பேர் வருவார்கள். விசிலை எடுத்த பிறகு அந்த நாலு பேரும் அவனைக் கண்டால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

நடுவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டக்காரர்கள் தங்கும் ஓட்டலில் தங்கக்கூடாது. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. பிலோமினா எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சின்ன மெஸ்ஸைக் கண்டுபிடித்து, சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

முதல் நாளே இசக்கி கேட்டான். "எப்பவும் தனியாவே சாப்பிடுதீங்களே மேடம், கஷ்டமா இல்லையா?"

பிலோமினா தன் டம்ளரை நகர்த்தி அவன் இலைக்கு இடம் விட்டார்.

அன்று முதல் அந்த மேசையில் இரண்டு பேர். தனிமை அதனால் பாதியாகிவிடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு தனிமையோடு சாப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்துக் கோவையில் ஒரு லீக் ஆட்டம், இருவரும்தான் நடுவர்கள். சிவப்பு அணிக்கும் நீல அணிக்கும். சிவப்பு அணியின் கேப்டன் ஜெபஸ்டின், இசக்கியின் பழைய கூட்டாளி. ஒன்பது வருடம் ஒரே அணியில் ஆடி, ஒரே அறையில் தூங்கியவர்கள். இசக்கி விசிலை எடுத்த நாளிலிருந்து ஜெபஸ்டின் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இரண்டாவது கால்பகுதியில் நீல அணியின் தரணிதரன் பந்தோடு கூடைக்குத் தாவினான். இருபத்து மூன்று வயதுப் பையன். போன வருடம் கணுக்கால் உடைந்து, எட்டு மாதம் கட்டிலில் கிடந்து, இந்த சீசன்தான் திரும்பி வந்திருந்தான். ஜெபஸ்டின் குறுக்கே கை நீட்டினான். இசக்கி விசில் ஊதினான். ஜெபஸ்டின் மேல் ஃபவுல், தரணிதரனுக்கு இரண்டு இலவச ஷாட்.

ஊதிய மறுநொடியே தெரிந்துவிட்டது. கை படவில்லை. தரணிதரன் முகத்திலேயே அது எழுதியிருந்தது. கேட்காமல் கிடைத்ததை வாங்கிக்கொள்ளத் தயங்குகிறவன் மாதிரி நின்றான்.

"மாப்ள, நான் தொடவே இல்லல?" என்றான் ஜெபஸ்டின்.

இரண்டு வருடத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை அது. இசக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கோர் எழுதுகிறவர்களின் மேசைக்குப் போய் அவன் சட்டை எண்ணைக் காட்டினான். ஜெபஸ்டினுக்கு அது நான்காவது ஃபவுல். ஐந்து ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்.

ஆட்டம் முடிய ஆறு நொடி. சிவப்பு அணி ஒரு புள்ளி முன்னால். தரணிதரன் மறுபடி தாவினான். பின்னால் வந்த ஜெபஸ்டின் அவன் இடுப்பில் இரண்டு விரலை வைத்து லேசாகத் தள்ளினான். காற்றில் இருப்பவனுக்கு அது போதும். தரணிதரன் கோணலாக வந்து விழுந்தான். பந்து கூடையைத் தவறி உருண்டது. நேரம் முடிந்தது.

கூடைக்குக் கீழே நின்றவன் இசக்கி. அது அவன் பார்க்க வேண்டிய இடம். பிலோமினா நடுவில் நின்றார், முன்னால் இரண்டு முதுகுகள் மறைத்தன. கேமராவுக்கும் அந்தப் பக்கம் தெரியவில்லை. அந்த இரண்டு விரலை உலகத்திலேயே இசக்கி ஒருவன்தான் பார்த்தான். அவனுக்கு அது தெரிந்த வித்தைதான். ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்து பழகியது.

அவன் ஊதவில்லை.

சிவப்பு அணி குதித்தது. தரணிதரன் தரையில் உட்கார்ந்தபடி தன் கணுக்காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் ஜெபஸ்டினே போன் செய்தான். "ஏல, டீமோட பிரியாணி சாப்பிடப் போறோம். நீயும் வா."

பேன்ட்டை மாற்றிக்கொண்டு லாட்ஜ் வாசலுக்கு வந்த இசக்கியைப் பிலோமினா பார்த்தார்.

"மெஸ்ஸுக்கு வரலையா?"

"பழைய ஆளுங்க கூப்பிட்டாங்க மேடம். ஒரு நாளைக்கு மட்டும்."

அவர் தலையாட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

நீளமான மேசை. பதினாலு பேர். இசக்கிக்கு நடுவில் இடம் போட்டிருந்தார்கள். பழைய கதைகளைப் பேசினார்கள். யாரோ அவன் தோளில் கை போட்டார்கள். தோளில் ஒரு கை விழுந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டான்.

ஜெபஸ்டின் அவன் பக்கம் சாய்ந்தான். மேசைக்குக் கீழே இரண்டு விரலை நீட்டிக் காட்டினான்.

"பாத்தேல்லா?"

இசக்கி தட்டில் இருந்த எலும்பை ஓரமாக ஒதுக்கினான்.

"எனக்குத் தெரியும் மாப்ள, நீ பாத்த. நம்ம ஆளு நம்ம ஆளுதான்."

அதன்பிறகு பிரியாணி இறங்கவில்லை. எட்டு மணிக்கு முன்பே லாட்ஜுக்குத் திரும்பிவிட்டான்.

பிலோமினா வராந்தாவில் ஆட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நடுவர்களும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய தாள்.

"பிரியாணி எப்படி?"

"நல்லாருந்துச்சு."

"உங்க விசிலைக் கொடுங்க."

கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துளையில் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

"ஊதுங்க."

"இங்கயா மேடம்?"

"ஊதுங்க."

ஊதினான். வராந்தா அதிர்ந்தது. கீழேயிருந்து லாட்ஜ்காரர் எட்டிப் பார்த்தார்.

"விசில் நல்லாத்தான் இருக்கு," என்றார் பிலோமினா. "கடைசி ஆறு நொடியில உங்க கன்னம் உப்புனதப் பாத்தேன். சத்தம் வரல. அடைச்சிருக்குமோன்னு நினைச்சேன்."

இசக்கி எதிரில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு விரலையும் சொன்னான்.

"முதல்ல தப்பா ஊதுனது நான். ஜெபஸ்டின் தொடல. அந்தப் பையனுக்கு ரெண்டு ஷாட் சும்மா கொடுத்தேன். அதைக் கடைசியில அவன்கிட்டயே எடுத்துட்டேன். சமமாப் போச்சுல்லா?"

"யாரு உங்களைச் சமம் பண்ணச் சொன்னா?"

"அது என் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு மேடம்."

"முதல்ல உங்க கண்ணு தப்பு பண்ணுச்சு. எனக்கும் வாரத்துக்கு ஒண்ணு ஆகும். ரெண்டாவது தடவை கண்ணு சரியாத்தானே பாத்துச்சு?"

இசக்கி விசிலைக் கையில் உருட்டினான்.

பிலோமினா அறிக்கைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். அவர் எழுத வேண்டியதை எழுதியிருந்தார். இசக்கி பார்த்ததை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எழுதினா எனக்கு அரையிறுதிக்கு நடுவர் வேலை கிடைக்காது," என்றான்.

"கிடைக்காது."

"ஜெபஸ்டின் இனி பேசமாட்டான்."

"மாட்டாரு."

"ஆட்டத்தோட முடிவு மாறுமா?"

"மாறாது."

"பின்ன எதுக்கு மேடம் எழுதணும்? யாருக்கு என்ன லாபம்?"

பிலோமினா பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார்.

"காலையில ஆறு மணிக்கு ஷூ போட்டுக்கிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

காலையில் இருவரும் உள்ளரங்குக்கு நடந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு விளக்கு எரிந்தது.

தரணிதரன் தனியாக இருந்தான். பந்து இல்லை. கூடைக்குக் கீழே, நேற்று விழுந்த அதே இடத்தில், தாவுகிறான், இறங்குகிறான். குனிந்து ஷூவின் அடியைத் தடவிப் பார்க்கிறான். துண்டால் தரையைத் துடைக்கிறான். மறுபடி தாவுகிறான். இறங்கியதும் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, அழுத்தி அழுத்திப் பார்க்கிறான்.

இசக்கிக்கு அந்த அழுத்தல் தெரியும். முழங்கால் போவதற்கு முந்தின வருடம் முழுக்க அவன் ஒவ்வொரு காலையும் கட்டிலில் உட்கார்ந்து அப்படித்தான் அழுத்திப் பார்த்தான்.

"என்ன செய்யுதான் மேடம்?" அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் நீங்க சாப்பிடப் போனப்ப நான் இந்தப் பக்கம் வந்தேன். அப்பவும் இதான் செஞ்சுக்கிட்டு இருந்தான். என்னப்பான்னு கேட்டேன். கால் பலம் பத்தாம விழுந்துட்டான், இந்த சீசன் வெளிய உக்காரட்டும்னு கோச் சொல்லிட்டாராம்."

"அவனுக்கே தெரிஞ்சிருக்குமே, தள்ளிவிட்டது."

"என்னமோ பட்ட மாதிரி இருந்துச்சாம். ஆனா சார் பக்கத்துலயே நின்னாரு, அவரு ஊதல, அப்ப ஒண்ணும் பட்டிருக்காதுன்னு சொன்னான்."

இசக்கி கதவைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க விட்ட தப்பைத் தேடிக்கிட்டு இருக்கான்," என்றார் பிலோமினா. "அவன் கால்ல தேடுதான்."

தரணிதரன் மறுபடி தாவி இறங்கினான். திரும்பியவன் அவர்களைப் பார்த்துவிட்டான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"வணக்கமுங்க சார். வணக்கமுங்க மேடம்." கொஞ்சம் தயங்கினான். "சார், ஒண்ணு கேக்கலாங்களா? நேத்து கடைசியில நான் இறங்கறப்ப பாத்தீங்கல்ல? இடது கால் உள்பக்கமா மடங்குச்சுங்களா? எனக்கு அந்த ஒரு நொடிதான் ஞாபகமே வரமாட்டேங்குது."

இசக்கி பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் மேலே எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் மடங்கலப்பா," என்றான் இசக்கி. "இடுப்புல தள்ளினாங்க."

"யாருங்க?"

"ஜெபஸ்டின். ரெண்டு விரல் வச்சுத் தள்ளினான். நான் பாத்தேன்."

தரணிதரன் துண்டின் நுனியைக் கையில் சுருட்டினான்.

"பாத்தும் ஊதலைங்களா?"

"ஊதல."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்." "அறிக்கையில எழுதித் தாரேன். இன்னைக்கே அனுப்பிடுவோம். உங்க கோச்சும் படிப்பாரு. உன் கால் தப்பு பண்ணல."

பையன் குனிந்து தன் கணுக்காலைப் பார்த்தான்.

"நேத்து அம்மாகிட்ட போன்ல, கால் போச்சும்மா, வேற வேலை பாத்துக்கறேன்னு சொல்லிட்டேனுங்க," என்றான்.

திரும்பிப் போய்ப் பையை எடுத்தான். அவர்கள் நின்ற கதவு பக்கமாக வரவில்லை. அரங்கின் முழு நீளத்தையும் கடந்து எதிர்க் கதவை நோக்கிப் போனான்.

இசக்கியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். ஜெபஸ்டின். காலை டிபனுக்குக் கூப்பிடுகிறானாக இருக்கும். அது நிற்கும்வரை கையில் வைத்திருந்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டான். இனி அந்தப் பக்கமும் யாரும் இல்லை, இந்தப் பக்கமும் யாரும் இல்லை என்று பட்டது. அவ்வளவு பெரிய அரங்கில் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"திட்டியிருந்தாக்கூட தாங்கிக்கிடுவேன் மேடம்," என்றான். "முகத்தைக்கூடப் பாக்காம போறான்."

பிலோமினா எதிர்க் கதவை நோக்கிப் போகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தை விடுங்க சார். நடையைப் பாருங்க," என்றார். "கால்ல ஒண்ணுமில்ல."